செஞ்சிப் பாட்டின் வேர்கள்: தேசிங்குராஜன் கதையில் மகபத்கான்

‘பெரிய எழுத்து’ நூல்களைக் கண்டிராத முதியவர் வடசென்னையில் குறைவு. எழுத்துக் கூட்டி வாசிப்போருக்கும் எளிதாகும்படி தடித்த எழுத்தில் அச்சிட்ட மலிவு விலை நூல்கள் அவை. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளைய வழக்கம். இராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பிலிருந்த பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் இவ்வகை நூல்களை வெளியிட்டுப் பேர் பெற்றவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், பட்டறைகளில் இரும்போடு உழன்றோரும், காசிமேட்டுக் கடலோடிகளும் அல்லி அரசாணி மாலையையும் நல்லதங்காள் கதையையும் அறிந்தது இந்நூல்களின் வாயிலாகத்தான். அவ்வரிசையில் ஒன்று தேசிங்குராஜன் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் இராயபுரத்து நடைபாதைக் கடையொன்றில் இந்நூலின் பழம்படி ஒன்றை வாங்கி வந்தோம். அதனை எம் மேசை மீது கண்ட மாணவர் ஒருவர் தயக்கத்துடன் ஒரு வினாவை எழுப்பினார்: “ஹஸ்ரத், ஆற்காட்டு நவாபை எதிர்த்த ராஜாவைப் புகழும் பாட்டு அல்லவா இது? நாம் இதைப் படித்து மகிழலாமா?” அவருடைய ஊர் திருவொற்றியூர். அவர் பாட்டனார் இப்பாட்டை மனப்பாடமாகப் பாடியவராம். பாட்டனார் பாடியதைப் பேரன் பாடலாமா என்று கேட்கும் நிலை எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவே எம்மை இப்பாட்டின் வேர்களைத் தேடச் செய்தது.

போரும் அதன் காரணமும்

முதலில் வரலாற்றைக் காண்போம். மராட்டிய மன்னர் இராஜாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டு, 1698-இல் கைப்பற்றியது. படைத்தலைவர் சுல்பிகார்கான் ‘நுஸ்ரத் ஜங்’ என்னும் பட்டம் உடையவர். அப்பட்டத்தை ஒட்டிக் கோட்டைக்கு ‘நுஸ்ரத்கட்’ என்று புதுப்பெயர் இடப்பட்டது. உதவி, வெற்றி எனப் பொருள்படும் அரபுச் சொல்லான ‘நஸ்ர்’ என்பதன் கிளையே நுஸ்ரத். பின்னர் அக்கோட்டையின் பொறுப்பு வட இந்தியப் புந்தேல்கண்டைச் சேர்ந்த இராஜபுத்திரரான சொரூப்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் மொகலாய அரசின் அலுவலர். பாட்டில் வரும் தேசிங்கு இவருடைய மகன். இயற்பெயர் தேஜ்சிங். தமிழ் நாவில் அது தேசிங்கு ஆயிற்று.

எதிர்த்தரப்பில் நின்றவர் நவாப் சஆதத்துல்லாகான். கொங்கணக் கடற்கரையில் வேரூன்றிய, அரபு வழித்தோன்றல்களாகக் கருதப்படும் நவாயத் சமூகத்தவர். 1710 முதல் 1732 வரை கர்நாடகத்தை ஆண்டு, ஆற்காட்டை நிலையான அரசிருக்கையாக்கினார். 1714-இல் சொரூப்சிங் இறந்ததும் தேஜ்சிங் செஞ்சிக்கு வந்து தந்தையின் இடத்தில் அமர்ந்தார். அவுரங்கசீப் தம் தந்தைக்கு அளித்த ஆணையே தமக்குப் போதும் என்பது அவர் கட்சி. அவ்வாணை புதுப்பிக்கப்படவில்லை, செலுத்த வேண்டிய திறை பாக்கி நிற்கிறது என்பது நவாபின் கட்சி. வழக்கு வாளில் முடிந்தது. 1714 அக்டோபர் 3-ஆம் நாள் செஞ்சிக்கு அருகில் நடந்த போரில் தேஜ்சிங் மாண்டார். அப்போது அவர் இருபதைச் சற்றே கடந்த இளைஞர்.

அவுரங்கசீப் 1707-இல் மறைந்தபின் பகதூர்ஷா, ஜஹாந்தர்ஷா, பரூக்சியர் என ஏழாண்டுக்குள் மூவர் தில்லி அரியணை ஏறினர். ஒரு பாதுஷா கொடுத்ததை அடுத்தவர் உறுதி செய்தாக வேண்டுமா என்பதே அன்றைய பெரும் சட்டச் சிக்கல். இச்சிக்கல் எம் வடசென்னையையும் விட்டுவைக்கவில்லை. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களை 1708-இல் நவாப் தாவூத்கான் ஆங்கிலக் கும்பினிக்கு அளித்திருந்தார். இன்றைய எண்ணூரை உள்ளடக்கிய பகுதியே கத்திவாக்கம். தாவூத்கானுக்குப் பின் வந்த சஆதத்துல்லாகான் 1711-இல் அவ்வூர்களைத் திரும்பக் கேட்டார். 1717-இல் பரூக்சியரின் பர்மான் கிடைத்த பின்னரே அவை கும்பினிக்கு உறுதியாயின. ஆக, செஞ்சியில் தேஜ்சிங்கிடம் நவாப் எதைக் கேட்டாரோ, ஏறத்தாழ அதையேதான் சென்னையில் வெள்ளையரிடமும் கேட்டார். கும்பினி தில்லிக்குத் தூது அனுப்பி ஓலை பெற்றது. செஞ்சியின் இளைஞர் குதிரை ஏறினார். இரண்டு வழக்கிலும் மதம் ஒரு கட்சியாக நிற்கவில்லை. நின்றது வருவாயும் அதிகாரமும்தான்.

அச்சண்டையின் சொற்களே இதற்குச் சான்று. பாக்கி, வசூல், கிஸ்தி, ஜப்தி ஆகிய நான்கும் அரபு மூலம் கொண்டவை. பாரசீக அலுவலக நடையின் வழியாகத் தமிழில் குடியேறியவை. அழிவற்றவன் எனப் பொருள்படும் ‘அல்பாக்கீ’ என்னும் இறைத்திருநாமத்தின் வேர்ச்சொல்லே செலுத்தாத வரிக்கும் பெயராக அமைந்தது. எஞ்சி நிற்பது என்ற பொருளில்தான் வரி நிலுவை பாக்கி ஆயிற்று.

மூன்று சாட்சிகள்

இப்போரைப் பற்றிப் பேசும் மூலங்கள் மூன்று திசைகளிலிருந்து வருகின்றன. முதலாவது ‘சஈத் நாமா’ என்னும் பாரசீக நூல். நவாபின் இயற்பெயர் முஹம்மது சஈத் என்பதால் நூலுக்கு அப்பெயர். நவாபின் புகழைப் பாடும் இந்நூலை எழுதியவர் ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து. இரண்டாவது, நாராயணன் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்னும் தமிழ் உரைநடை நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பினி அதிகாரி மக்லியோடுக்காக எழுதப்பட்டது. மூன்றாவது சாட்சி நம் பாட்டு. செஞ்சியின் வரலாற்றை விரிவாக எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் வெளியான தம் நூலில் உள்ளூர் மரபுகளையும் எடுத்தாண்டார். பிற்காலத்தில் வேல்செரு நாராயணராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகியோர் இம்மூலங்களை அருகருகே வைத்து ஆராய்ந்தனர்.

இவ்வரிசையை நோக்கும்போது ஒரு செய்தி பளிச்செனத் தெரிகிறது. முஸ்லிம் நவாபின் வெற்றியைப் பாரசீகத்தில் போற்றியவர் ஓர் இந்து. நவாபிடம் தோற்ற இந்து அரசனைப் போற்றும் தமிழ்ப் பாட்டிலோ, உயிரினும் மேலான இடம் பெறுபவர் ஒரு முஸ்லிம். பாட்டு அவரை ‘மோவுத்துக்காரன்’ என்று அழைக்கிறது. மகபத்கான் என்னும் பெயரின் மக்கள் வழக்கு அது.

பாட்டு எங்கே பிறந்தது?

பாட்டுக்கு உரியவராக எந்தப் புலவரின் பெயரும் நிலைபெறவில்லை. எனினும் பாட்டே தன் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அது எங்கே தடுமாறுகிறது, எங்கே துல்லியமாக நடக்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

தில்லியைப் பற்றிப் பேசும்போது பாட்டு கற்பனையின் சிறகில் பறக்கிறது. எவராலும் அடக்க இயலாத குதிரை ஒன்று பாதுஷாவிடம் இருக்கிறது. அதனை அடக்க முடியாமல் தேசிங்கின் தந்தை சிறைப்படுகிறார். பால்மணம் மாறாத சிறுவன் தேசிங்கு தில்லி சென்று அக்குதிரையை அடக்கித் தந்தையை மீட்டு, பெண்ணும் குதிரையும் பரிசாகப் பெற்றுத் திரும்புகிறான். தந்தையின் பெயர்கூடப் பாட்டில் தரணிசிங் என மாறி நிற்கிறது. செஞ்சியில் கோட்டை காத்த அலுவலரான சொரூப்சிங்கை இங்கே காண முடியாது. அவர் 1710-இல் கடலூர்ப் புனித தாவீது கோட்டை ஆங்கிலேயரோடு மோதியதையும், 1712-இல் பிரெஞ்சுக்காரர் நடுவில் நின்று அமைதி செய்வித்ததையும் பாட்டு அறியாது.

அதே பாட்டு செஞ்சிச் சுற்றுவட்டாரத்துக்கு வந்ததும் நிலத்தில் காலூன்றுகிறது. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதரிடம் தேசிங்கு விடைபெறச் செல்கிறான். போருக்கு இசையாத அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இன்றளவும் அவ்வூரில் வழங்கும் கதை. வழுதாவூரில் மகபத்கானின் திருமணக் கொண்டாட்டம் நடக்கிறது. தேவனூர்ப் பக்கத்தில் போர் மூள்கிறது. ஆற்றில் வெள்ளம் புரள்கிறது. நீலாம்பூண்டியில் மகபத்கானும் குதிரையும் அடங்கியவை என மக்கள் காட்டும் கல்லறைகள் உள்ளன. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதும் அவன் மனைவி உடன்கட்டை ஏறியதும் செட்டிகுளக்கரையில் என்று கோட்டைக்கு வருவோரிடம் சொல்கின்றனர். இவ்வூர்கள் யாவும் ஒரு குதிரைவீரன் ஒரு பகலில் சுற்றிவரக் கூடியவை.

தொலைவை அறியாது அண்மையை நன்கறிந்தவர் பாடிய பாட்டு இது என்பது இதனால் விளங்கும். அரசவைப் புலவனாயின் தந்தையின் பெயரையும் பட்டத்தையும் பிழைபட விட்டிருக்க மாட்டான். வடநாட்டிலிருந்து உடன்வந்த புந்தேலரின் பாட்டாயின் தில்லி இத்தனை மாயமாக இருந்திராது. குதிரைகளுக்குப் பெயர் சூட்டி அவற்றை மனிதர்க்கு இணையாகப் போற்றுவதும் நோக்கத்தக்கது. தேசிங்கின் குதிரை பாராசாரி, மகபத்கானின் குதிரை நீலவேணி. படைக்கு ஆளும் தீவனமும் கொடுத்த உள்ளூர்க் குடிகளும், கோட்டைக்காவலில் இருந்த கீழ்நிலைச் சிப்பாய்களும் தாம் கண்டதையும் கேட்டதையும் பாடிவைத்தனர். கூத்தரும் கதைப்பாடகரும் அதனை வளர்த்தனர் என்பதே எம் முடிவு.

போர்ப்பாட்டுக்கு அக்காலத் தமிழ்ச் செவிகள் புதியனவும் அல்ல. வரிசை முகியித்தீன் புலவரின் ‘சக்கூன் படைப்போர்’ 1686-இல், அதாவது செஞ்சிப் போருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்பே பாடப்பட்டுவிட்டது. அது புலவர் பாடிய இலக்கியம், இது ஏட்டறிவில்லாதவரின் நாவில் வளர்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதென யாம் கூறவரவில்லை. ஆயினும் குதிரையும் வாளும் நட்பும் இறைநாமமும் ஒருங்கே ஒலிக்கும் போர்ப்பாட்டைத் தமிழகத்து முஸ்லிம்களும் பிறரும் ஒரே காலத்தில் கேட்டு மகிழ்ந்தனர் என்பதை மறத்தற்கில்லை.

மணக்கோலத்தில் வந்த நண்பர்

கதையின் உயிர்நிலை வழுதாவூரில் உள்ளது. தேசிங்கின் ஓலை வந்தபோது மகபத்கான் மணமேடையில் இருக்கிறார். போர் வந்துவிட்டது, உடனே வருக என்பது செய்தி. நண்பர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. மணக்கோலத்தோடு நீலவேணியின் மீதேறிச் செஞ்சிக்கு விரைகிறார். போருக்குப் புறப்படுகையில் தேசிங்கு அரங்கநாதரை நினைக்கிறான், மகபத்கான் அல்லாஹ்வை நினைக்கிறார். இருவருள் எவரும் மற்றவரைத் தம் வழிக்கு அழைக்கவில்லை. தம் வழியை மறைத்துக்கொள்ளவும் இல்லை. எதிரே நவாபின் படை நிற்கிறது. அப்படையின் தலைவரும் மகபத்கானும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். அதனைப் பாட்டு ஓர் இக்கட்டாகவே காட்டவில்லை என்பதுதான் வியப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பதே அன்றைய படைவீரரின் அறம். கர்ணன் கதையில் செஞ்சோற்றுக் கடன் என்று தமிழர் எதனைச் சொன்னார்களோ, அதனையே ‘நமக்ஹலால்’ என்று மொகலாயப் பாசறையினர் சொன்னார்கள்.

மகபத்கான் களத்தில் வீழ்ந்த செய்தி தேசிங்கின் நெஞ்சை உடைக்கிறது. குதிரையின் கால்களும் வெட்டுண்டு போகின்றன. தன் வாளை வானில் எறிந்து, விழும் வாளை மார்பில் ஏற்று அவன் மடிகிறான் என்று பாட்டு முடிக்கிறது. இது வரலாறன்று. போர்க்களத்தில் பகைவர் கையால் மாண்டவரையே வரலாறு காண்கிறது. தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வதை நம் மார்க்கம் தடுக்கிறது என்பதும் வெளிப்படை. ஆனால் பாடகன் சொல்ல விழைந்தது வேறு. தேசிங்கை நவாபின் வாள் வெல்லவில்லை, நண்பனின் பிரிவே வென்றது என்பதே அவன் கருத்து. பின்னர் ஒருவர் எரியிடப்படுகிறார், மற்றவர் மண்ணில் அடக்கப்படுகிறார். அவரவர்க்கு அவரவர் முறை. பாட்டு அதையும் மாற்ற முயலவில்லை.

மகபத் என்னும் பெயரைப் பற்றி அரபு பயிற்றுவோர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மொகலாயரின் பட்டப்பெயரான மகபத், ‘ஹைபத்’ என்னும் வேரிலிருந்து வந்தது. பிறர் அஞ்சி மதிக்கும் பெருமிதம் என்பது பொருள். ‘ஹுப்பு’ என்னும் வேரிலிருந்து வரும் மஹப்பத் வேறு சொல், அதன் பொருள் அன்பு. இரண்டிலும் உள்ள ஹகரங்கள் அரபியில் வெவ்வேறு எழுத்துகள், தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அச்சம் தரும் பட்டத்தோடு ஒரு படைவீரர் செஞ்சிக்கு வந்தார். தமிழ்ப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அவர் அன்பின் உருவாகவே நிலைத்தார். இலக்கணப்படி இது பிழையாயினும் பாட்டின் உள்ளத்துக்கு இது பொருந்துகிறது.

வெற்றி பெற்றவரையும் நீதியோடு நோக்குவோம். செஞ்சியின் கீழ்க்கோட்டையில் நவாபின் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் 1717–18-இல் எழுந்தது. அதன் பாரசீகக் கல்வெட்டு வெற்றியின் நினைவைச் சொல்கிறது. மகபத்கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் அங்கு உண்டு. ஆற்காட்டுக்கு அருகேயுள்ள இராணிப்பேட்டை, தேசிங்கின் தேவியைப் போற்றி நவாப் இட்ட பெயரே என்பது மரபு. தோற்றவரின் துணைவிக்கு வென்றவர் மரியாதை செய்தார் என்று மக்கள் நம்ப விரும்பினர். சஆதத்துல்லாகானை அவர்கள் அரக்கராக நினைவில் வைத்திருந்தால் இம்மரபு தோன்றியிராது.

வடசென்னைக்கு வந்த வழி

செஞ்சி வட்டாரத்துப் பாட்டு கொண்டித்தோப்பு அச்சகத்துக்கு வந்தது எப்படி? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 சூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதியின் வாலாஜா ரோட்டுக்குத் திறக்கப்பட்டது. நவாபின் பழைய தலைநகரும் இராணிப்பேட்டையும் அதன் மறுமுனைக்கு அண்டையில் உள்ளவை. பின்னர்த் துறைமுகமும் ஆலைகளும் பெருகவே, வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் உழைப்பாளர் வடசென்னைக்குத் திரண்டனர். கூத்தும் பாட்டும் அவர்களோடு வந்தன. அச்சு அவற்றைப் பிடித்து வைத்தது.

அவர்களுள் சிலர் ஏற்ற பணியின் பெயரும் ஒரு படைச்சொல்லே. பாரசீகத்தில் ‘லஷ்கர்’ என்றால் படை. அதுவே கப்பலில் பணிபுரியும் இந்திய மாலுமிக்கு ‘லஸ்கர்’ எனப் பெயராயிற்று. பொதுப்பணித்துறையில் ஏரி மதகைக் காக்கும் கடைநிலை ஊழியரும் லஸ்கர்தான். செஞ்சியை முற்றுகையிட்ட படையின் பெயர் துறைமுக உழைப்பாளியின் பெயராக இறங்கி வந்ததைப் போலவே, படைவீரர் பாட்டும் உழைப்பாளியின் இரவுப் பாட்டாக வந்து சேர்ந்தது. எம் மாணவரின் பாட்டனார் அதனைப் பாடியதில் வியப்பேதும் இல்லை.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் படைத்தள நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மகிழத்தக்க செய்தி. கோட்டையைக் காண இனி பலர் வருவர். ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த வரலாற்றைக் கையோடு கொண்டு வருவர். நவாபை எதிர்த்த தேசிங்கு என்று ஒருவர் மட்டும் தனியே நிறுத்தப்படும்போது, அவர் பக்கத்தில் மணக்கோலத்தோடு நின்ற மகபத்கான் மறைந்துபோகக் கூடும். அப்படி மறைவதற்கு நம்முடைய தயக்கமும் ஒரு காரணமாகிவிடக் கூடாது. பிறர் அவரை மறந்தால் அது அவர்களின் மறதி. இது நம் பாட்டா என்று ஐயுற்று நாமே ஒதுங்கினால், நீலாம்பூண்டிக் கல்லறைக்கு உரியவர் யார்?

மாணவருக்கு யாம் சொன்ன விடை இதுவே: “பாட்டைப் பாடுங்கள். வரலாறு வேறு, பாட்டு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு பாடுங்கள். நவாபின் நியாயத்தையும் அறியுங்கள், தேசிங்கின் வீரத்தையும் மதியுங்கள். மகபத்கானை மட்டும் விட்டுவிடாதீர்கள்.” மறுவாரம் அவர் வீட்டிலிருந்து கிழிந்த நூலொன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதுவும் தேசிங்குராஜன் கதைதான். முதற்பக்க ஓரத்தில், பாட்டனாரின் கையெழுத்தில், ‘786’ என்று எழுதியிருந்தது.

அல்லாஹு அஃலம். உண்மையை முற்றும் அறிந்தவன் அவனே.